கூட்டு கேஷ்களில் பழைய பக்கம்: தேடு, புதுப்பி, தடு

தேர்வு அட்டவணையை அலுவலகம் காலையிலேயே மாற்றிவிட்டது. நூலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் புதிய அட்டவணை தெரிகிறது. விடுதியில் இருப்பவருக்கு நேற்றைய அட்டவணைதான் வருகிறது. நீங்கள் விடுதியின் கேஷில் அந்தப் பக்கத்தை அழிக்கிறீர்கள். ஐந்து நிமிடத்தில் பழைய அட்டவணை திரும்ப வந்துவிடுகிறது.

ஒரே ஒரு பிராக்ஸி இருக்கும் இடத்தில் இப்படி நடக்காது. பல கேஷ்கள் ஒன்றிடம் ஒன்று கேட்டு வாங்கும் அமைப்பில்தான், இங்கே அழித்த பக்கம் பக்கத்துக் கேஷிலிருந்து மறுபடி வந்து சேரும். அதனால் இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே விதி: அழிப்பது கடைசி வேலை. பழைய பிரதி எந்த கேஷில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள், பிறகு மூல சர்வரிலிருந்து புதுப்பியுங்கள், அதன் பிறகு காரணத்தைச் சரிசெய்யுங்கள்.

விளக்கத்துக்காக நான்கு ஸ்க்விட் கேஷ்கள் உள்ள ஒரு கல்லூரி வலையை வைத்துக்கொள்வோம். ‘மையம்’ தாய் கேஷ். ‘விடுதி’, ‘நூலகம்’, ‘ஆய்வகம்’ மூன்றும் ஒன்றுக்கொன்று சக கேஷ்கள். தாய் கேஷ் தன்னிடம் இல்லாததை மூல சர்வரிடமிருந்து வாங்கித் தரும். சக கேஷ் கையில் இருந்தால் மட்டும் தரும். கட்டளைப் பெயர்கள் தமிழில் ஒலிப்படி தரப்பட்டுள்ளன. உங்கள் ஸ்க்விட் கோப்பில் அவை ஆங்கிலத்திலும், சொற்களுக்கு நடுவே அடிக்கோட்டுடனோ இடைக்கோட்டுடனோ இருக்கும்.

தொடங்கும் முன்

இந்த ஐந்தும் தயாராக இருக்கட்டும்:

1. நான்கு கேஷ்களிலும் உள்நுழையும் அனுமதி.
2. நான்கின் ‘ஆக்சஸ் லாக்’ கோப்புகளும்.
3. கேஷ் எதன் வழியும் போகாமல் மூல சர்வரை நேரடியாகத் தொடக்கூடிய ஒரு கணினி.
4. அதில் ‘கர்ல்’ நிரல்.
5. புகார் வந்த பக்கத்தின் முழு முகவரி. கடைசிச் சாய்கோடு, கேள்விக்குறிக்குப் பின் வருபவை உட்பட ஒரு எழுத்தும் விடாமல் வாங்குங்கள். சாய்கோடு உள்ள முகவரியும் இல்லாத முகவரியும் கேஷுக்கு வெவ்வேறு பொருள்கள்.

குறிப்பு: கேள்விக்குறிக்குப் பின் உள்ள பகுதியை ஸ்க்விட் இயல்பாகவே லாக்கில் எழுதாது. ‘ஸ்ட்ரிப் கொயரி டெர்ம்ஸ்’ என்ற அமைப்பு இயக்கத்தில் இருப்பதே காரணம். முழு முகவரியை லாக்கில் தேடி ‘இல்லை’ என்று வந்தால், அந்தக் கோரிக்கை வரவே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

முதல் கட்டம்: கோளாறு கேஷில்தானா?

1. புகார் சொன்னவரின் பிரவுசரில் தனிப்பட்ட சாளரம் ஒன்றைத் திறந்து பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். புதியது வந்தால் பிரச்சினை அவருடைய பிரவுசரில்தான் இருக்கிறது. கேஷ்களைத் தொட வேண்டாம்.

2. முகவரி எச்டிடிபிஎஸ் வகையா என்று பாருங்கள். பயனர்களுக்கான பிராக்ஸியில் அத்தகைய கோரிக்கை ‘கனெக்ட்’ என்ற முறையில், ‘டிசிபி டனல்’ என்ற குறியீட்டோடு லாக்கில் பதிவாகும். ஸ்க்விட் அதன் உள்ளடக்கத்தைப் பார்ப்பதும் இல்லை, சேமிப்பதும் இல்லை. மறைகுறியைப் பிரித்துப் பார்க்கும்படி நீங்களே அமைத்திருந்தால் மட்டுமே விலக்கு. ஒரு தளத்துக்கு முன்னால் நின்று மறைகுறியை ஸ்க்விட்டே முடித்துவைக்கும் அமைப்பில் இந்த அத்தியாயம் அப்படியே பொருந்தும்.

3. மூல சர்வரை நேரடியாகக் கேளுங்கள். அங்கேயே பழையது இருந்தால், பக்கத்தை மாற்றியவர் கோப்பை ஏற்ற மறந்திருக்கலாம். புதியது இருந்தால் ‘லாஸ்ட் மாடிஃபைட்’, ‘ஈடேக்’, ‘கன்டென்ட் லெங்த்’ ஆகிய மூன்று ஹெடர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இனி வரும் ஒவ்வொரு சோதனைக்கும் இவைதான் அளவுகோல்.

இரண்டாம் கட்டம்: எந்த கேஷிடம் பழையது இருக்கிறது?

1. கர்லில் பிராக்ஸி முகவரியாக ‘மையம்’ கேஷையும் அதன் போர்ட்டையும் (வழக்கமாக 3128) கொடுத்துப் பக்கத்தை வாங்குங்கள். ஹெடர்களை ஒரு கோப்பில் சேமியுங்கள்.

2. விடுதி, நூலகம், ஆய்வகம் ஆகியவற்றுக்கும் இதையே செய்யுங்கள்.

3. நான்கு கோப்புகளையும் அருகருகே வையுங்கள். மூல சர்வரின் ஈடேக்கோடு எது ஒத்துப்போகவில்லையோ அதனிடம் பழைய பிரதி இருக்கிறது, அல்லது அது வேறொரு கேஷிடமிருந்து பழையதை வாங்கித் தருகிறது.

4. இந்த இரண்டில் எது என்பதை ‘எக்ஸ்-கேஷ்’ ஹெடர் சொல்லும். எந்தப் பெயருள்ள கேஷில் ‘ஹிட்’, எதில் ‘மிஸ்’ என்று அதில் இருக்கும். புதிய பதிப்புகளில் இதற்குப் பதிலாக ‘கேஷ்-ஸ்டேட்டஸ்’ ஹெடர் வருகிறது. விடுதியில் மிஸ், ஆய்வகத்தில் ஹிட் என்றால் பழைய பக்கம் ஆய்வகத்தில் இருக்கிறது.

5. ‘ஏஜ்’ ஹெடரைப் பாருங்கள். அதில் உள்ள எண் நொடிக்கணக்கு. 93600 என்று இருந்தால் அந்தப் பிரதி மூல சர்வரிலிருந்து வந்து 26 மணி நேரம் ஆகிவிட்டது. அட்டவணை மாறியது இன்று காலையில் என்றால், அதற்கு முன்பே எடுத்த பிரதி இது என்பது உறுதி.

குறிப்பு: பிரவுசர்கள் சுருக்கிய வடிவில் பக்கத்தைக் கேட்கும். கர்ல் தானாக அப்படிக் கேட்காது. மூல சர்வர் ‘வேரி’ ஹெடர் அனுப்பினால் இரண்டு வடிவங்களும் தனித்தனிப் பிரதிகளாகச் சேமிக்கப்படும். உங்களுக்குப் புதியதும் பயனருக்குப் பழையதும் வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கர்லின் ‘கம்ப்ரஸ்டு’ விருப்பத்தோடும் ஒருமுறை சோதியுங்கள்.

லாக்கைப் படிக்கும் விதம்

ஸ்க்விட்டின் இயல்பான லாக் வரியில் பத்துப் புலங்கள் உண்டு. நமக்கு வேண்டியவை இரண்டு. நான்காவது புலம் விளைவைச் சொல்லும். ஒன்பதாவது புலம் பக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்.

- டிசிபி ஹிட், டிசிபி மெம் ஹிட்: இந்த கேஷ் தன் வட்டிலிருந்தோ நினைவகத்திலிருந்தோ கொடுத்தது. பிரதி பழையதென்றால் இதுவே ஒளிவிடம்.
- டிசிபி மிஸ், ஒன்பதாவது புலத்தில் சிப்ளிங் ஹிட்: சக கேஷிடமிருந்து வந்தது. அந்த கேஷின் பெயர் அங்கேயே இருக்கும். அதன் லாக்கைத் திறங்கள். முதலில் ‘யூடிபி ஹிட்’ வரியும், அடுத்து பக்கம் கொடுத்த வரியும் இருக்கும்.
- டிசிபி ரெஃப்ரெஷ் அன்மாடிஃபைடு: “மாறியிருக்கிறதா?” என்று கேட்டதற்கு “மாறவில்லை” என்று பதில் வந்தது. பதில் சொன்னது மூல சர்வரா, தாய் கேஷா என்பதை ஒன்பதாவது புலத்தில் கட்டாயம் பாருங்கள்.
- டிசிபி ரெஃப்ரெஷ் ஃபெயில் ஓல்டு: மூல சர்வரைத் தொட முடியாததால் பழையதையே கொடுத்தது. இங்கே கேஷ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. மூல சர்வரையும் நடுவில் உள்ள இணைப்பையும் பாருங்கள்.
- டிசிபி மிஸ், ஒன்பதாவது புலத்தில் ஹையர் டைரக்ட், ஆனாலும் பழைய பக்கம்: கேஷில் கோளாறு இல்லை. தளம் வேறு சர்வருக்கு மாறியிருக்கலாம், ஸ்க்விட் பழைய ஐபி முகவரிக்கே போகிறது. டிஎன்எஸ் பதிலை ஸ்க்விட் அதிகபட்சம் 6 மணி நேரம் வைத்திருக்கும் என்பதே இயல்பு அமைப்பு. ஹோஸ்ட்ஸ் கோப்பில் யாராவது பழைய முகவரியை எழுதி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

மூன்றாவது வகையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மூல சர்வர் அந்தப் பக்கத்துக்கு 10 நிமிட ஆயுள் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுதி அதை மதிக்கிறது. 10 நிமிடம் முடிந்ததும் “மாறியிருக்கிறதா?” என்று மையத்தைக் கேட்கிறது. மையத்திலோ யாரோ ‘ஓவர்ரைடு எக்ஸ்பயர்’ விருப்பத்தோடு குறைந்தபட்ச ஆயுள் 1440 நிமிடம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். மையத்தின் கணக்கில் அதன் பிரதி இன்னும் புதியது. எனவே மூல சர்வரைக் கேட்காமல் தானே “மாறவில்லை” என்று சொல்லிவிடுகிறது. விடுதியின் லாக்கில் ‘ரெஃப்ரெஷ் அன்மாடிஃபைடு’, அதே நொடியில் மையத்தின் லாக்கில் ‘டிசிபி ஐஎம்எஸ் ஹிட்’ அல்லது ‘டிசிபி ஐஎன்எம் ஹிட்’ என்று இருந்தால் இதுதான் நடக்கிறது. ஒரு லாக்கை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தோன்றும். இரண்டையும் நேரம் பொருத்திப் படித்தால்தான் உண்மை தெரியும்.

மூன்றாம் கட்டம்: புதுப்பித்தல்

அழிப்பதைவிடப் புதுப்பிப்பது நல்லது. அழித்த பிறகு வரும் சாதாரணக் கோரிக்கையை ஸ்க்விட் வெறும் ‘மிஸ்’ என்று எடுத்துக்கொண்டு சக கேஷ்களிடம் கேட்கும். அவற்றில் ஒன்றிடம் பழையது இருந்தால் அதுவே திரும்ப வரும். ‘கேஷ்-கன்ட்ரோல்: நோ-கேஷ்’ ஹெடரோடு கேட்டால் ஸ்க்விட் சக கேஷ்களைக் கேட்பதே இல்லை. தாய் கேஷ் வழியாக மூல சர்வர்வரை போய்ப் புதியதை வாங்கி, பழைய பிரதியின் இடத்தில் வைத்துவிடும்.

1. மையத்தின் வழியாக, நோ-கேஷ் ஹெடரோடு பக்கத்தை வாங்குங்கள். லாக்கில் ‘டிசிபி கிளையன்ட் ரெஃப்ரெஷ் மிஸ்’ என்று பதிவாக வேண்டும். ஈடேக் மூல சர்வரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

2. மையம் சரியான பிறகே விடுதி, நூலகம், ஆய்வகம் மூன்றிலும் வரிசையாக இதையே செய்யுங்கள். மையத்தில் தடை இருந்தால் கீழே எத்தனை முறை முயன்றாலும் பழையதே வரும். மேலிருந்து தொடங்குவது அதற்காகத்தான்.

3. இப்போது நோ-கேஷ் இல்லாமல், சாதாரணமாக நான்கையும் மறுபடி கேளுங்கள். நான்கிலும் ஒரே ஈடேக் வர வேண்டும்.

4. ஏதாவது ஒன்று ‘ஹிட்’ என்று சொல்லிப் பழையதையே தந்தால், அதன் ‘ரெஃப்ரெஷ் பேட்டர்ன்’ வரியில் ‘இக்னோர் ரீலோட்’ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது நோ-கேஷ் கோரிக்கையை மதிக்காது. அந்த கேஷில் மட்டும் கீழே உள்ளபடி அழிக்கவும்.

பயனர் ஒருவர் கன்ட்ரோல், எஃப்5 விசைகளைச் சேர்த்து அழுத்தும்போதும் இதே ஹெடர்தான் போகிறது. அதனால் அவருடைய கேஷும் தாய் கேஷும் புதுப்பிக்கப்படும், மற்ற சக கேஷ்கள் பழையபடியே இருக்கும். “எனக்குச் சரியாகிவிட்டது” என்று ஒருவர் சொன்னதை நம்பிப் புகாரை மூடிவிடாதீர்கள்.

அழித்தே ஆக வேண்டியபோது

தவறாக வெளியான பட்டியல், திரும்பப் பெற்ற கோப்பு போன்றவற்றை அழிக்கத்தான் வேண்டும்.

1. ஸ்க்விட் கோப்பில் ‘பர்ஜ்’ முறைக்கு ஒரு விதி எழுதி, அதே கணினியிலிருந்து வரும் கோரிக்கைக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அடுத்த வரியிலேயே மற்ற எல்லாருக்கும் மறுப்பு எழுதுங்கள்.
2. மூல சர்வரில் பக்கம் நீங்கிவிட்டதை உறுதிசெய்யுங்கள்.
3. மையத்தில் தொடங்கி, இடைவெளி விடாமல் நான்கிலும் பர்ஜ் அனுப்புங்கள். 200 என்றால் பிரதி இருந்தது, அழிந்தது. 404 என்றால் அங்கே பிரதி இல்லை.
4. முழுச் சுற்றையும் உடனே இரண்டாவது முறை செய்யுங்கள். முதல் சுற்றின் நடுவே யாராவது ஒருவர், இன்னும் அழிக்காத கேஷிலிருந்து பிரதியை இழுத்திருக்கலாம். நான்கிலும் 404 வரும்வரை சுற்றுங்கள்.
5. அதிகம் பேர் பார்க்கும் பக்கம் என்றால், ‘கேஷ் பியர் ஆக்சஸ்’ வரியால் அந்த முகவரிக்கு மட்டும் சக கேஷ்களைக் கேட்பதைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு அழியுங்கள். வேலை முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

ஒரு கேஷில் செய்த பர்ஜ் தானாக மற்றவற்றுக்குப் போகாது. எச்டிசிபி நெறிமுறையில் ‘சிஎல்ஆர்’ என்ற அழிப்புச் செய்தி உண்டு. அடிக்கடி அழிக்க வேண்டிய வலைகளில் அதை அமைப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

நான்காம் கட்டம்: காரணத்தை நீக்குதல்

புதுப்பித்ததோடு நிறுத்தினால் அடுத்த மாதம் இதே புகார் வரும். இந்த வரிசையில் சோதியுங்கள்:

1. கடிகாரம். பிரதியின் வயதை கேஷ் தன் கடிகாரத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறது. நான்கிலும் நேர ஒத்திசைவு ஓடுகிறதா?

2. ஆஃப்லைன் மோட். இது இயக்கத்தில் இருந்தால் ஸ்க்விட் எந்தப் பிரதியையும் மறுபரிசோதனை செய்யாது. இணைப்பு அறுந்த ஒரு நாளில் போட்டுவிட்டு, பிறகு எடுக்க மறந்த வரியாக இது பெரும்பாலும் இருக்கும்.

3. ரெஃப்ரெஷ் பேட்டர்ன் வரிகள். ஸ்க்விட் மேலிருந்து படித்து முதலில் பொருந்தும் வரியையே எடுத்துக்கொள்ளும். பொதுவான வரி மேலேயும் உங்கள் சிறப்பு வரி கீழேயும் இருந்தால் கீழே உள்ளது செல்லாது. நான்கு கேஷ்களின் வரிகளையும் ஒப்பிடுங்கள். தாய் கேஷ் கீழே உள்ளவற்றைவிடத் தளர்வாக இருக்கக் கூடாது.

4. ஆயுள் சொல்லாத மூல சர்வர். பக்கத்தோடு காலாவதி விவரம் வராவிட்டால் ஸ்க்விட் தானே ஊகிக்கும். இயல்பான வரியில் 20 சதவீதம், உச்சவரம்பு 4320 நிமிடம். பிரதி எடுக்கும்போது பக்கம் மாறி 10 நாள் ஆகியிருந்தால் அதன் ஆயுள் 2 நாள். 30 நாள் ஆகியிருந்தால் 6 நாள் என்று கணக்கு வரும், உச்சவரம்பு அதை 3 நாளாகக் குறைக்கும். அதாவது, நெடுநாள் மாறாமல் கிடந்த பக்கத்தில் செய்யும் திருத்தம்தான் அதிக நேரம் மறைந்திருக்கும். தேர்வு அட்டவணை அப்படிப்பட்ட பக்கம்தான். மூல சர்வரில் அந்தப் பக்கத்துக்குக் குறுகிய ‘மேக்ஸ்-ஏஜ்’ கொடுக்கச் சொல்லுங்கள்.

5. ஐசிபியின் எல்லை. கேஷ்கள் ஒன்றிடம் ஒன்று ‘இருக்கிறதா?’ என்று கேட்கும் நெறிமுறைகளில் ஒன்றான, 1997இல் ஆர்எஃப்சி 2186 ஆக வெளியான ஐசிபி, முகவரியை மட்டுமே கேட்கும். எச்டிடிபி ஹெடர்களை அனுப்பாது. 2000இல் வந்த ஆர்எஃப்சி 2756இன் எச்டிசிபி ஹெடர்களையும் அனுப்பும். “இருக்கிறது” என்று ஐசிபி சொன்ன பிறகு, கேட்டவருக்குப் பொருந்தும் பிரதி இல்லை என்று சக கேஷ் 504 அனுப்பினால் எச்டிசிபிக்கு மாறுவதே வழி.

6. ஐசிபி ஹிட் ஸ்டேல். காலாவதியான பிரதிக்கும் ‘இருக்கிறது’ என்று சொல்லவைக்கும் அமைப்பு. இயல்பில் அணைந்திருக்கும். அப்படியே விடுங்கள்.

7. பிராக்ஸி ஒன்லி. சக கேஷைக் குறிக்கும் ‘கேஷ் பியர்’ வரியில் இதைச் சேர்த்தால், அங்கிருந்து வாங்கியதை இங்கே சேமிக்காது. பிரதிகளின் எண்ணிக்கை குறையும், பழையது பரவுவதும் நிற்கும். ஒரே வளாகத்துக்குள் வேகமான இணைப்பு இருந்தால் தயங்காமல் சேருங்கள்.

வழக்கமாக நடக்கும் தவறுகள்

- ஸ்க்விட்டை மறுதொடக்கம் செய்வது. வட்டில் உள்ள பிரதிகள் அப்படியே இருக்கும், பழைய பக்கமும் இருக்கும்.
- முழு கேஷ் கோப்புறையையும் அழிப்பது. ஒரு பக்கத்துக்காக எல்லாப் பக்கங்களையும் இழப்பீர்கள். இணைப்பு முழுச் சுமையையும் தாங்க வேண்டிவரும்.
- கோபத்தில் எல்லாவற்றுக்கும் சேமிப்பை நிறுத்துவது. கேஷ் வைத்த நோக்கமே போய்விடும்.
- இரண்டு கேஷ்களுக்கு ஒரே பெயர் வைப்பது. எக்ஸ்-கேஷ் ஹெடரால் பயன் இருக்காது. ஸ்க்விட்டும் கோரிக்கை சுற்றிச் சுற்றி வருவதாக எச்சரிக்கும்.

பாதுகாப்பு

1. ஐசிபியின் 3130, எச்டிசிபியின் 4827 ஆகிய யூடிபி போர்ட்களை அண்டை கேஷ்களின் முகவரிகளுக்கு மட்டும் திறந்துவையுங்கள். ஐசிபியில் அனுப்பியவர் யார் என்று சரிபார்க்கும் வழி இல்லை.
2. பர்ஜ், சிஎல்ஆர் இரண்டையும் பொது வலைக்குத் திறக்காதீர்கள். திறந்தால் யார் வேண்டுமானாலும் உங்கள் கேஷைக் காலியாக்கலாம்.
3. ஸ்க்விட் கோப்பை மாற்றும் முன் நகல் எடுங்கள். மாற்றிய பின் முதலில் ‘பார்ஸ்’ கட்டளையால் பிழை பாருங்கள், பிறகு ‘ரீகான்ஃபிகர்’ கொடுங்கள். இயங்கும் ஸ்க்விட்டின் கேஷ் கோப்புறையில் கைவைக்காதீர்கள்.
4. ஆக்சஸ் லாக்கில் ஒவ்வொருவரும் எதைப் பார்த்தார் என்பது இருக்கிறது. உதவி கேட்டு அனுப்பும்போது தேவையான வரிகளை மட்டும், பயனர் முகவரியை நீக்கி அனுப்புங்கள்.

ஒவ்வொரு புகாருக்கும் நான்கு விவரங்களை எழுதி வையுங்கள்: முகவரி, பழைய பிரதி இருந்த கேஷ், அதன் ஏஜ், காரணம். அடுத்து இந்த வேலைக்கு வருபவர் ஊகத்தில் தொடங்க வேண்டியிருக்காது. புகாரை மூடும் முன் நான்கு கேஷ்களையும் ஒருமுறை சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். நான்கும் மூல சர்வரின் ஈடேக்கையே தராதவரை வேலை முடியவில்லை.